பிள்ளைகளோடு ஊர் சுற்றிய கதை

எங்கள் பக்கத்து வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு முன் ஓர் இளம் குடும்பம் குடிவந்திருக்கிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பையன் மூன்றாம் வகுப்பு. திங்கள், புதன் அபாகஸ். செவ்வாய், வியாழன் இந்தி. சனிக்கிழமை காலை கராத்தே, மாலை கீபோர்டு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை பதினொரு மணி வரை தூங்குகிறது. பாவம், தூங்கட்டும்.

போன வாரம் அந்தப் பெண் என் மனைவியிடம் கேட்டாள்: "அம்மா, உங்க பிள்ளைங்கள சின்ன வயசுல என்னென்ன கிளாஸ்ல சேத்து விட்டீங்க?"

"கிளாஸா? மாசம் ஒரு ஞாயித்துக்கெழம எலுமிச்சம்பழச் சாதத்தக் கட்டிக்கிட்டு ஊரு சுத்தப் போவோம். அவ்வளவுதான்" என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "சார்கிட்டக் கேளு. எல்லாத்தையும் நோட்டுப் போட்டு வச்சிருக்காரு. ஒரு ஞாயித்துக்கெழமைய மட்டும் எழுதியிருக்க மாட்டாரு" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அந்த ஒரு ஞாயிறையும் சேர்த்து இன்று எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது புதுச்சேரியில், 1949ல். அப்போது அது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுதாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்டில்தான். நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. சேன் நதி எங்கே தோன்றுகிறது, எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று பத்து வயதில் வரைபடம் போட்டுக் காட்டுவேன். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் என்ன இருக்கிறது என்பது பாடம். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும், தமிழ்ச் செய்தித்தாளை எழுத்துக் கூட்டாமல் படிக்க எனக்குப் பதினைந்து வயதாகிவிட்டது.

எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தால் அரிக்கமேடு. 1945ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டிப் பார்த்து, ரோமாபுரியோடு வணிகம் நடந்த ஊர் அது என்று உலகத்துக்குச் சொன்னார். ரோமானியர் மதுவும் எண்ணெயும் அனுப்பிய சாடிகளின் உடைசல்கள் அந்த ஆற்றங்கரை மண்ணில் கிடந்தன. எனக்கு ரோமாபுரி தெரியும், சீசர் தெரியும். அரிக்கமேடு தெரியாது. யாரும் கூட்டிப்போகவில்லை. நான் அந்த மேட்டில் முதன்முதலாக நின்றபோது எனக்கு இருபத்தேழு வயது, மூத்தவன் கைக்குழந்தை. என் பிள்ளைகள் இப்படி வளரக்கூடாது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தர் வேலை கிடைத்து மதுரைக்கு வந்தேன். அடிப்படைச் சம்பளம் 260 ரூபாயில் தொடங்கியது. செல்லூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் இருவர், என் மாமியார், மகன், மகள். 1982ல் இருந்து ஒரு வழக்கம் வைத்தேன். சம்பளம் வந்த பின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் ஏதாவது ஓர் இடம் பார்க்கப் போக வேண்டும். பாண்டியன் போக்குவரத்துக் கழக டவுன் பஸ், தூக்குவாளியில் சாதம், ஒரு கூஜாத் தண்ணீர். அதற்கு மேல் செலவு கிடையாது.

மதுரையில் இதற்குப் பஞ்சமே இல்லை. முதலில் மீனாட்சியம்மன் கோயில். சாமி கும்பிட எத்தனையோ முறை போயிருக்கிறோம். பார்ப்பதற்கென்று போனது அப்போதுதான். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள்தான் என்று நான் சொன்னதும், அப்போது பள்ளிக்கூடமே போகாத மகள், "அப்பறம் ஏன் ஆயிரம்னு பொய் சொல்றாங்க?" என்று கேட்டாள். நான் விளக்கம் தேடுவதற்குள் மாமியார் சொன்னார்: "கல்யாணத்துக்கு ஆயிரம் பேரு வந்தாங்கன்னு சொல்றதில்லையா? எண்ணிப் பாத்தா சொல்றோம்? அது மாதிரித்தேன்." பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது.

எதிரே புது மண்டபம். அந்தக் காலத்தில் அதற்குள் தையற்காரர்கள், பாத்திரக் கடைகள், புத்தகக் கடைகள் எல்லாம் இருந்தன. சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடைகளை அங்கேதான் தைத்தார்கள். மிஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவில் தூணில் திருமலை நாயக்கர் கைகூப்பி நிற்பார். கல் யானை கரும்பு தின்னும் சிற்பமும் உண்டு. மகன் யானையைவிட மிஷினைத்தான் அதிக நேரம் பார்த்தான். "தூணைப் பாருடா" என்று தலையைப் பிடித்துத் திருப்பினேன். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சிற்பங்கள் இருக்கின்றன, அந்தத் தையற்காரர்கள் அங்கே இல்லை. நான் திருப்பியிருக்க வேண்டியதில்லை.

காந்தி மியூசியத்துக்கு நடந்தே போய்விடலாம். தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம். 1959 ஏப்ரல் 15ல் நேரு திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. மகள் அதன் முன்னால் நின்று, "இத ஏன் யாரும் தொவைக்கல?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. நோட்டில் நேரு வந்த தேதியை எழுத வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் 'ரெதக்சியோன்' என்று ஒன்று உண்டு. கட்டுரைப் பயிற்சி. எங்காவது போய் வந்தால் மறுநாள் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். ஆசிரியர் சிவப்பு மையில் பிழை திருத்தி இருபதுக்கு மதிப்பெண் போடுவார். எனக்கு அது பயங்கரமான விஷயமாக இருந்தது. அதையே என் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன், தமிழில். எங்கே போனாலும் ராத்திரி உட்கார்ந்து எழுத வேண்டும். ஆண்டு, அரசன் பெயர், அளவு எல்லாம் இருக்க வேண்டும். நானும் சிவப்பு மைப் பேனா வைத்திருந்தேன். அலுவலகத்தில் பகல் முழுவதும் கோப்பு பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் கோப்பு பார்த்தேன்.

இந்த நிலையில்தான் 1986 வந்தது. மகன் ஐந்தாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 28 மதிப்பெண் வாங்கி வந்தான். அந்த மாதம் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போவதாக ஏற்பாடு. கல்வெட்டில் ஈடுபாடுள்ள அலுவலக நண்பர் ஒருவர் கூட வந்து காட்டுவதாகச் சொல்லியிருந்தார். மலை ஏறுவது என்றால் மகனுக்கு உயிர். ஒரு மாதமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீ வரவேண்டாம். வீட்டில் இருந்து கணக்குப் போடு" என்று சொன்னேன்.

மனைவி, "அவன விட்டுட்டா போறது? என்னங்க இது?" என்றாள். மாமியார் ஒன்றும் சொல்லாமல், "எனக்கு முட்டி வலிக்குது, நான் வரல" என்று அவனுக்குத் துணையாக வீட்டிலேயே இருந்துவிட்டார். நாங்கள் மூன்று பேர் மட்டும் பஸ் ஏறினோம். அவன் வாசலுக்கு வரவில்லை.

தேனி சாலையில் நாகமலைப் பக்கம் இருக்கிறது அந்த மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேற்குப் பக்கமாகப் போனால் செட்டிப்புடவு என்ற குகை. அதில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பம். தொங்கும் காதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்று சொல்லிவந்தார்களாம். பாறையில் வெட்டிய படிகளில் இன்னொரு பக்கம் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே பாறை முகத்தில் வரிசையாகச் சிற்பங்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை. ஒவ்வொன்றின் கீழும் அதைச் செய்வித்தவர் யார் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

நண்பர் ஒரு கல்வெட்டைக் காட்டினார். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்பது அதன் பொருள். அச்சணந்தி பெரிய ஆள். ஆனைமலை, அழகர்மலை என்று பல இடங்களில் அவர் பெயர் இருக்கிறது. மகன் துறவியாகப் போன பிறகும், தாய் தன் பெயரை அவன் பெயரோடு சேர்த்துப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறாள்.

நான் உற்சாகமாக மகளிடம் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அந்தம்மா மகன் பேர மலையில வெட்டி வச்சிருக்கு. நான் என் மகன வீட்ல வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு கீழே இறங்கி வரும் வரை பேசவில்லை. ஆலமரத்தடியில் சாதத்தைப் பிரித்தோம். அவள் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகன் கணக்கை எல்லாம் போட்டு முடித்திருந்தான். தங்கை மலையைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னாள். அவன் ஒன்றுமே கேட்கவில்லை. அடுத்த மாதம் கிளம்பும்போது, "நான் வரலப்பா. கணக்கு இருக்கு" என்றான். அதற்கடுத்த மாதமும் அதே பதில். கணக்கில் இப்போது எழுபது, எண்பது வாங்கினான். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் கேட்டதைத்தான் அவன் கொடுத்தான்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அந்தக் காலத்து அப்பாக்களுக்கு அது தெரியாது. நோட்டை மட்டும் பரண் மேல் தூக்கிப் போட்டேன். சிவப்புப் பேனாவை அலுவலகத்துக்கே கொண்டுபோனேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவனை மட்டும் சைக்கிளில் வைத்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனேன். "எதுக்கு?" என்றான். "சும்மா" என்றேன். அப்போதெல்லாம் குளம் பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கும். தைப்பூசத் தெப்பத்துக்குத் தண்ணீர் வராத வருடங்களில் தெப்பத்தை ஓட்டாமல் நிலைத்தெப்பமாக நடத்திவிடுவார்கள். குளத்துக்குள் பையன்கள் பத்து இடத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவனும் ஒரு கூட்டத்தில் சேர்ந்து ஆடினான். நான் படிக்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஆடி முடித்து வியர்வையோடு வந்து உட்கார்ந்தான். நடு மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே, "தண்ணி இருந்தா எவ்வளவு ஆழம்ப்பா இருக்கும்?" என்று கேட்டான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

எனக்குத் தெரியாது. வழக்கமாக ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அன்று, "தெரியலடா. யார்கிட்டயாவது கேப்போமா?" என்றேன்.

மேல்படியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அவனே போய்க் கேட்டான். அவர் எந்தப் படி வரை தண்ணீர் வந்து தான் பார்த்திருக்கிறேன் என்று இறங்கி வந்து காட்டினார். அதோடு விடவில்லை. இந்தக் குளத்தில் தோண்டிய மண்ணில்தான் திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுத்தார்கள், தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்று மதுரையில் எல்லோரும் சொல்லும் கதையைச் சொன்னார். இதை நான் மகாலில் வைத்தும், கோயிலில் வைத்தும் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். நோட்டில் எழுதவும் வைத்திருக்கிறேன். அன்றுதான் முதல் முறை கேட்பது போலக் கேட்டான்.

"அப்ப மகால் இந்தப் பள்ளத்துக்குள்ள இருந்துதான் போச்சா?" என்றான். சைக்கிளில் வரும் வழியில், "அடுத்த வாரம் மகாலுக்குப் போவோமாப்பா?" என்று கேட்டான். மாதக் கணக்கெல்லாம் மறந்துபோய், சரி என்றேன்.

மகால் 1636ல் கட்டியது. நாம் இன்று பார்ப்பது அதில் கால் பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் ஒரு பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். இடையில் நீதிமன்றமாகவும் இருந்திருக்கிறது. மகன் தூணைக் கட்டிப் பிடித்துப் பார்த்தான். தங்கையையும் அம்மாவையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேராகக் கைகோத்துப் பார்த்தான். ராத்திரி ஒலி ஒளிக் காட்சி. சிலப்பதிகாரக் கதை ஓடும்போது மாமியார் அழுதார், மகள் தூங்கினாள். நான் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. வீட்டுக்கு வந்த பின் யாரும் எதையும் எழுதவில்லை.

அதன் பிறகு எத்தனையோ இடங்கள். சித்திரைப் பொருட்காட்சியில் டெல்லி அப்பளம் தின்றது, அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் மகளின் செருப்பு தொலைந்தது, லட்சுமி சுந்தரம் ஹாலில் கச்சேரிக்குப் போய்ப் பாதியில் எழுந்து வந்தது. பாதியில் எழுந்து வந்தால் தப்பில்லை என்பதையும் அந்த நாட்களில்தான் கற்றுக்கொண்டேன்.

இதனால் என் பிள்ளைகள் பெரிய மேதைகளாகிவிட்டார்களா? இல்லை. மகன் கோவையில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். மகள் திருச்சியில் ஆசிரியை. பாட்டும் வராது, நாட்டியமும் வராது. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் இறங்கியதும் ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்து, இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அது அவர்களுக்கு இருக்கிறது.

2023ல் மகன் தன் மகளோடு வந்திருந்தான். அந்த மார்ச்சில்தான் கீழடி அருங்காட்சியகம் திறந்திருந்தார்கள். செட்டிநாட்டு வீடு போன்ற கட்டடம், மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலையில் பக்கம்தான். எல்லோரும் போவதாக இருந்தது. அன்று காலை பேத்தியின் தேர்வு மதிப்பெண் மருமகளின் போனில் வந்தது. கணக்கில் குறைவு. மருமகள், "இந்த லட்சணத்துல ஊர் சுத்த வேற போகணுமா?" என்றாள். மகன் செருப்பை மாட்டிக்கொண்டே, "மார்க் வேற, இது வேற" என்றான். என்னைப் பார்க்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கீழடியில் பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்துகள், உறைகிணறு, தந்தத்தால் செய்த சீப்பு எல்லாம் இருக்கின்றன. ஆதன் என்ற பெயரைப் பார்த்தபோது எனக்கு அரிக்கமேடு நினைவு வந்தது. பேத்தி தாயக்கட்டையும், பிள்ளைகள் பாண்டி ஆடிய வட்டச் சில்லுகளும் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. "தாத்தா, இதுல யாரு ஜெயிச்சிருப்பா?" என்றாள். "தெரியலம்மா" என்றேன்.

மறுநாள் காலை மகன், "அப்பா, சமணர் மலைக்குப் போவோமா?" என்று கேட்டான். அவன் அங்கே அதுவரை போனதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மதுரையில் வளர்ந்தவன், எங்கெங்கோ போனவன், அங்கே மட்டும் போகவில்லை. எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. நானும் மனைவியும் ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். அவனும் பேத்தியும் ஏறிப் போனார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தான். முகமெல்லாம் வெயில். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொல்ற அந்தம்மா பேரப் பாத்தேன்மா. எழுத்துதான் படிக்க வரல" என்றான்.

"முப்பத்தேழு வருசம் லேட்டு" என்று சொல்லிவிட்டு மனைவி தூக்குவாளியைத் திறந்தாள். எலுமிச்சம்பழச் சாதம்தான்.

நான் அவன் பக்கம் திரும்பி, "அன்னைக்கு உன்ன விட்டுட்டு வந்திருக்கக் கூடாதுடா" என்றேன். சொல்லி முடிக்க நேரமாயிற்று. அவன், "சாப்பிடுங்கப்பா" என்றான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. மாதம் ஒரு ஞாயிறு போங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட்டிப் போங்கள், பரீட்சையையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள், திரும்பி வந்ததும் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்காதீர்கள் என்றேன். முதலில் எங்கே போகலாம் என்று கேட்டாள். தெப்பக்குளத்தைச் சொன்னேன். இப்போது வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்து கிடக்கிறது, சாயங்காலம் காற்று நன்றாக இருக்கும்.

"பையன் ஆழம் எவ்வளவுன்னு கேட்டா என்ன சார் சொல்றது?" என்றாள்.

படியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் யாரிடமாவது அவனையே கேட்கச் சொல்லுங்கள் என்றேன்.